பாய்மரத்தைச் சாய்த்த கை

"காஞ்சிபுரத்துக்குக் கடல் எப்ப வந்துச்சு? எனக்கு யாரும் சொல்லவே இல்லியே!"

துப்பறியும் சுகாசினி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய ஆபீஸ். வண்டி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் பல வருடம் விபத்துகளைப் பார்வையிட்டவர். மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையெல்லாம் அதிலேயே தேய்ந்துபோய், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

"கடல் இல்ல மேடம், ஏரி. செவிலிமேட்டுக்கு அந்தாண்ட. இந்த வருஷம் ரொம்பியிருக்குது."

"ஏரியில பாய்மரப் படகு."

"ஆமா மேடம்."

"அடுத்தது என்ன? பாலாத்துல கப்பலா?"

"அதுக்கு முதல்ல தண்ணி லாரி புக் பண்ணணும் மேடம்," என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. யுவன். சுகாசினியின் உதவியாளர். ஆட்டோ ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, டீ வாங்குவது எல்லாம் அவர் வேலை. வாய் மட்டும் இலவசம்.

நான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தேன். கண்ணை மூடினால் பாய்மரம் விழுகிற சத்தம்தான் கேட்கிறது. வெளியே எல்லாரிடமும் போலீஸுக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. ஊரார் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? என் தோழி அபியின் எலும்பை உடைத்தது நிஜமாகவே என் கை வேலைதான் என்றால்?

"அழுவறதுன்னா படிக்கட்டுல போயி அழு. சொல்றதுன்னா உக்காந்து சொல்லு," என்றார் சுகாசினி.

உட்கார்ந்து சொன்னேன்.

பட்டுக்கடை முதலாளி குமரகுரு சென்னையில் யாரோ கழித்துவிட்ட சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வந்தார். அவருடைய மகள் அபியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அபிக்குப் படகு ஓட்ட ஆசை. அவருக்கு விளம்பரம் எடுக்க ஆசை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அபி ஏரியில் மிதந்து வர வேண்டும், பாயில் கடைப் பெயர் ஜொலிக்க வேண்டும். பாய் என்றால் துணிகூட இல்லை, ஃப்ளெக்ஸ். காதுகுத்து பேனர் அடிக்கிற இடத்திலேயே அடித்து வாங்கிவிட்டார்.

படகில் பாய்மரத்தைத் தாங்கும் பலகை உளுத்துக் கிடந்தது. நான் சரிசெய்கிறேன் என்றேன். அப்பாவின் வெல்டிங் பட்டறையில் நானே செய்தேன். மரத்தின் அடியைப் பிடிக்க இரும்பில் ஒரு கவ்வு, அதற்குக் குறுக்கே ஒரே ஒரு போல்ட்டு. கதவுக் கீல் மாதிரி மரம் பின்பக்கம் சாயும், நிமிரும். கரையோரம் தாழ்ந்து கிடக்கும் புளியங்கிளைக்கு அடியில் போக அது வேண்டியிருந்தது. நிமிர்த்திய மரம் பின்னால் சாய்ந்துவிடாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து படகின் மூக்குக்கு ஒரு கயிறு. மூக்கில் ஒரு கப்பியில் திரும்பி, ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஸ்க்ரூவால் பொருத்திய ஒரு முளையில் அது கட்டப்படும். எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே இழுக்கலாம், விடலாம். அந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அபியும் நானும் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் படப்பிடிப்பு. கிளம்புவதற்கு முன் கயிற்றை ஒருமுறை பார்க்கிறேன் என்றேன். "வெயில் ஏறுது, நீ கரையிலயே நில்லு," என்று குமரகுரு விரட்டிவிட்டார். ஏரி நடுவில் காற்று ஒரு வீச்சு வீசியது. முளை பிடுங்கிக்கொண்டது. மரம் சரிந்து அபியின் மேல் விழுந்தது. தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே குமரகுரு எங்கள் தெருவுக்கு வந்து பட்டறை வாசலில் நின்று கத்தினார். இந்த அர்ஜுனன் பட்டறையில் பத்தவைத்த எதுவும் நிற்காது, தன் பெண்ணை விட்டு என் பெண்ணைக் கொல்லப் பார்த்தான் என்று. தெருவே நின்று கேட்டது. கேட் செய்யச் சொல்லியிருந்த ஒருவர் மறுநாளே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா பட்டறையைப் பூட்டினார். அதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாராம் மேடம்."

சுகாசினி எழுந்தார். "யுவன், வண்டிய எடு. கப்பலைப் பாத்துட்டு வரலாம்."

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணுமா மேடம்?"

"நீ வாயில போட்டுக்கோ."

படகைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மரம் ஒருபக்கம், பாய் ஒருபக்கம், பிடுங்கிய முளை கயிற்றோடு ஒருபக்கம். ஆடு ஒன்று ஃப்ளெக்ஸின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கே ரசனை இருக்குது," என்றார் யுவன்.

சுகாசினி முளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஸ்க்ரூ போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"மரத்தைக் கடிச்சுக்கினு வந்திருக்குது. நல்லாத்தான் போட்டிருக்கே."

"பிடுங்கிக்கிச்சே மேடம். அப்ப என் தப்புதான..."

"உன் தீர்ப்பைக் கேட்டேனா? கயித்துல இந்தச் சிவப்பு என்ன?"

"நெயில் பாலிஷ். கயிறு சரியான விறைப்புல இருந்தா அந்த அடையாளம் முளை மேலயே உக்காரும். அதுக்காக வெச்சேன்."

"இப்ப எங்க உக்காந்திருக்குது?"

குனிந்து பார்த்தேன். சிவப்பு அடையாளம் முளையை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"வழுக்கியிருக்கும் மேடம்," என்றார் யுவன்.

"வழுக்கினா முடிச்சு கன்னாபின்னான்னு இருக்கும். இதப் பாரு, பூக்காரம்மா கட்டின மாதிரி இருக்குது. ஏ பொண்ணு, இது உன் முடிச்சா?"

நான் முளையில் கயிற்றை எட்டுப் போல மாற்றி மாற்றிச் சுற்றி முனையைச் செருகுவேன். இது அப்படி இல்லை. ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்கு. மிச்சக் கயிற்றைச் சின்ன வளையமாகச் சுருட்டி அதன் இடுப்பில் செருகியிருந்தது.

"என்னுது இல்ல மேடம்!"

"கத்தாத. ஆடு பயப்படுது. யுவன், அந்தச் செங்கல்லை எடு."

யுவன் ஒரு சணல் கயிற்றில் செங்கல்லைக் கட்டிப் புளியங்கிளையில் மெதுவாகத் தொங்கவிட்டார். கயிறு தாங்கியது. பிறகு செங்கல்லை ஒரு சாண் மேலே தூக்கி அப்படியே கையை விட்டார். சணல் பட்டென்று அறுந்தது.

"பாத்தியா பாப்பா? விறைப்பா இருந்தா தாங்குது. தளர விட்டு வெடுக்குனு இழுத்தா பிச்சுக்கினு போவுது. எங்க ஊட்லயும் இதே சட்டம்தான்," என்றார் யுவன்.

அன்றுதான் முதல்முறையாக மூச்சு முழுசாக வந்தது. என் முளையில் குறை இல்லை. மரம் ஆடி, தளர்ந்த கயிறு வெடுக்கென்று இழுத்துத்தான் அது பிடுங்கியிருக்கிறது. ஆனால் அடுத்த நிமிடமே வேறு பயம் வந்துவிட்டது.

"அப்ப யாரோ வேணும்னே தளர்த்தினாங்களா?"

"வேணும்னு செய்யறவன் அறுத்திருப்பான், இல்ல அவுத்து விட்டிருப்பான். இவன் ஒரு சாண் மட்டும் தளர்த்தி, திருப்பிச் சுருக்குப் போட்டு, மிச்சத்தைச் சுருட்டியும் வெச்சிருக்கான். கெடுக்க வந்த கை இல்ல இது. கரிசனமான கை." சுகாசினி உதட்டைச் சுழித்தார். "எனக்குக் கெட்டவனைக் கண்டாகூடப் பயமில்ல. இந்தக் கரிசனப் பேர்வழிங்கதான் ஆபத்து. சரி, சனிக்கிழமை பாயை எப்படிச் சுருட்டி வெச்சே?"

"எழுத்து உள்பக்கம் போற மாதிரி. சாயம் போவக்கூடாதுன்னு."

"காலையில வந்தப்ப?"

யோசித்தேன். காலையில் வந்து இறங்கியதுமே தூரத்திலிருந்து கடைப் பெயர் தெரிந்தது. அபி அதைப் பார்த்து, "எங்கப்பா பேரு சூரியனுக்கு முன்னாடி எழுந்துடுச்சு," என்று சிரித்தாள். இருந்த அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

"எழுத்து வெளிப்பக்கம் இருந்துச்சு மேடம்."

"யுவன், சுருட்டி வெச்ச பாயில்கூடக் கடைப் பேரு தெரியணும்னு மாத்திச் சுருட்டுற ஆளு இந்த ஊருல எத்தினி பேரு?"

"ஒரே ஒருத்தர் மேடம். அவரு கடை குப்பைத்தொட்டியில்கூடப் பேரு எழுதி, கீழ கிளைகள் லிஸ்ட் வேற போட்டிருக்காரு."

"ஆனா சனிக்கிழமை ஏரிப் பக்கமே வரலைன்னு அவரு சொன்னாரே மேடம்," என்றேன். "அதுவும் சொந்தப் பொண்ணு உக்கார்ற படகு. அவரு ஏன் தளர்த்தணும்?"

சுகாசினி அந்தச் சுருக்கை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு முளையைக் கயிற்றோடு வெட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவரு கடை வாசல்ல ஒரு தறி இருக்குதில்ல?"

"ஆமா. ஒருத்தர் உக்காந்து நெய்வாரு. வர்றவங்க ஃபோட்டோ எடுத்துக்கறதுக்காக."

"அந்தத் தறிக்காரருக்கு இன்னிக்கு யுவன் டீ வாங்கித் தரப் போறான்."

"என் காசுலயா மேடம்?" என்றார் யுவன் பரிதாபமாக.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். கடைக்குள் ஏசி குளிரில் கல்யாணக் கூட்டம் ஒன்று புடவைகளைப் பிரித்துப் போட்டு அரிசிமணி சைஸ் குறையைத் தேடிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் தறி. அதில் இருந்தவர் அன்றைய வேலையை முடித்துவிட்டு எழுந்து, பக்கத்திலிருந்த ஒரு கயிற்றை நோக்கிக் கையை நீட்டினார்.

"அண்ணே அண்ணே, அப்படியே இருக்கட்டும்! டீ ஆறுது!" என்று யுவன் அவர் தோளில் கை போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். குழப்பத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர் போனார். டீக்கடையில் அவரை விட்டுவிட்டு யுவன் மட்டும் திரும்பி வந்தார்.

குமரகுரு எங்களைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வலது கையில் இரண்டு போன், நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"இவளை எதுக்கு இங்க இட்டுக்கினு வந்தீங்க? நீங்க யாரு, வக்கீலா?"

"வக்கீலுன்னா நாற்காலி போட்டிருப்பீங்க. நான் துப்பறியறவ."

"துப்பறிய என்ன இருக்குது? பொம்பளப் புள்ள யூட்யூப் பாத்து வெல்டிங் பண்ணா இப்படித்தான் ஆவும். சமையல் வீடியோ பாத்திருந்தா ஒரு ரசமாவது வெச்சிருக்கும்!"

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது மாடிப்படியில் அபி நின்றிருந்தாள். கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. தோளோடு சேர்த்துக் கையைக் கட்டியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அவளை அப்போதுதான் பார்க்கிறேன். அவள் கண்ணில் கோபமா வலியா தெரியவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சுகாசினி மெதுவாக நடந்து தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பேச வேண்டும் என்றால் குமரகுருவும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். வந்தார்.

"நீங்களே நெசவு செஞ்சவர்தானே சார்? படகுக் கயிறு சரியில்லைன்னு உங்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்குமே."

"நானா?" குமரகுரு சத்தமாகச் சிரித்தார். "நான் தறியைத் தொட்டு இருபது வருஷம் ஆவுது மேடம். எங்கப்பாவோட போச்சு அதெல்லாம். இந்தக் கயிறு, முளை, முடிச்சு, எல்லாம் கையை விட்டு எப்பவோ போயிடுச்சு. இன்னிக்கு நான் ஒரு பிராண்டு. புரியுதா? பிராண்டு!"

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கை தானாகக் கீழே இறங்கியது. தறி இருக்கைக்குப் பக்கத்திலிருந்த முளையைத் தடவியது. சுருக்கை ஒரே இழுப்பில் உருவியது. விறைப்பாக நின்ற பட்டு இழைகள் மெல்லத் தொய்ந்தன. ஒரு சாண் கயிற்றை விட்டு, கை மறுபடி சுருக்குப் போட்டது. மிச்சத்தை வளையமாகச் சுருட்டிச் சுருக்கின் இடுப்பில் செருகியது. அவ்வளவு நேரமும் அவர் கண் சுகாசினியின் முகத்தை விட்டு நகரவில்லை.

கடையில் எல்லார் கண்ணும் அந்தக் கை மேலேயே இருந்தது. அவருக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை.

"முதலாளி," என்றார் யுவன், "கையை விட்டுப் போயிடுச்சுன்னீங்க. அதைக் கைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கு இன்னும் தகவல் வரல."

குமரகுரு குனிந்து பார்த்தார்.

சுகாசினி பையிலிருந்து பிடுங்கிய முளையை எடுத்துத் தறி முளைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே சுருக்கு, அதே வளையம்.

"எழுந்து போகும்போது பாவைத் தளர்த்திட்டுத்தான் போவாங்க தறிக்காரங்க," என்றார் என்னைப் பார்த்து. "தறியில நீளமா இழுத்துக் கட்டின பட்டு இழைதான் பாவு. ராத்திரி முழுக்க விறைப்பா விட்டா இழை அறுந்துடும். இந்த ஊருல தறியில உக்காந்த எந்தக் கையும் அதை மறக்காது. நீ வெல்டிங்காரர் பொண்ணு, உனக்குத் தெரியாது. தெரியாமலே இவருக்கு ஒரு தறியைச் செஞ்சு வெச்சிருக்கே. உக்கார்ற இடம், பக்கத்துல முளை, முளையில விறைப்பா ஒரு கயிறு." அவர் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை இருட்டுற நேரத்துல படகுல உக்காந்தீங்க. எழுந்தீங்க. கை தன் வேலையைப் பாத்துக்கிச்சு."

"நான் ஏரிக்கே போவல!"

"அப்பா." படியிலிருந்து அபி பேசினாள். "சனிக்கிழமை உங்க வேட்டியெல்லாம் சேறு. கேட்டதுக்குக் கோயிலுக்குப் போனேன்னு சொன்னீங்க. எந்தக் கோயில்லப்பா சேறு இருக்குது?"

குமரகுரு போன்களைச் சட்டைப்பைக்குள் போட்டார். "பேரு கோணலா இல்லாம இருக்குதான்னு பாக்கத்தான் போனேன். அப்படியே... சும்மா கொஞ்ச நேரம் உக்காந்து..."

"உக்காந்து?" என்றார் சுகாசினி.

"ரெண்டு ஃபோட்டோ எடுத்துக்கினேன். தொப்பி போட்டுக்கினு."

"கேப்டன் தொப்பியா முதலாளி?" யுவன் கேட்டார். குமரகுருவின் காது மடல்கள் சிவந்தன. கல்யாணக் கூட்டத்தில் ஒரு அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினுதான் ஏரிக்கே போவலைன்னு சாதிச்சீங்களா? ஒரு தொப்பிக்காக ஒரு பொண்ணை ஸ்டேஷனுக்கு அனுப்பப் பாத்தீங்களே சார். இத்தினி வருஷத்துல எத்தனையோ பொய்யைப் பாத்துட்டேன். இவ்ளோ சின்னப் பொய்யை இப்பத்தான் பாக்கறேன்."

"எனக்குச் சத்தியமா தெரியாதும்மா, கயித்தைத் தொட்டேன்னே தெரியாது." அவர் தன் இடது கையையே பார்த்தார். பிறகு அபியின் கட்டைப் பார்த்தார். ஒரு கணம்தான். சட்டென்று வியாபாரக் குரல் திரும்பிவிட்டது. "சரி, ஆனது ஆச்சு. நான் கம்ப்ளெயின்ட் குடுக்கல. இதோட விட்டுடலாம். பாப்பாவுக்கு நல்லதா ஒரு புடவை பாத்து எடுங்கப்பா..."

"அப்பா!" என்று கத்திய அபி வலியில் முகத்தைச் சுளித்தாள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அவள் என் மேலேயே சாய்ந்துகொண்டாள். "லூசு," என்றாள் காதுக்குள். "ஒரு தபாவாவது ஆஸ்பத்திரிக்கு வந்தியாடி?"

சுகாசினி என்னைப் பார்த்தார். "கேஸு உன்னுது. புடவை வேணுமா?"

அபியை விடாமலே குமரகுருவைப் பார்த்தேன். சொன்னேன். "வேணாம் அங்கிள். நீங்க எங்க தெருவுக்கு வாங்க. அன்னிக்கு நின்னீங்களே, அந்த இடத்துல நின்னு, தளர்த்தினது உங்க கைதான்னு எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"போன்ல சொல்லிடறேன்மா..."

"நானும் வரேன்," என்றாள் அபி. "வாங்கப்பா."

கார் வேண்டாம் என்றுவிட்டார் குமரகுரு. காரின் நாலு பக்கமும் கடைப் பெயர் இருக்கிறது. யுவனின் ஆட்டோவில், எங்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து செவிலிமேட்டில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். முதலாளி பெண்ணின் எலும்பை உடைத்தவள் யாரோடு வந்து இறங்குகிறாள் என்று பார்க்க வீட்டுக்கு இரண்டு பேராவது வெளியே வந்துவிட்டார்கள்.

அப்பா பட்டறை வாசலில் நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, குமரகுருவைத்தான் பார்த்தார்.

குமரகுரு அப்பாவின் காதுக்கு எட்டுகிற தூரம் வரை போய் நின்றுகொண்டார். பேரம் படியாத வாடிக்கையாளரிடம் கடைசி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"அர்ஜுனன், அது வந்து... கயித்தைத் தளர்த்தினது நான்தானாம். தெரியாம நடந்துபோச்சு. பொண்ணு வேலையில தப்பில்ல."

அப்பா என் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கி, நிஜமா என்று கேட்பதுபோல் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. அவர் கை என் தலையில் வந்து விழுந்தது மட்டும் தெரிந்தது. இரும்புத்தூள் ஒட்டிய கனமான கை.

"வரட்டுமா அப்ப?" என்றார் குமரகுரு, ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே.

"இருங்க சார்," என்றார் அப்பா. "அன்னிக்கு நீங்க பேசினது தெருக்கோடி வீடு வரைக்கும் கேட்டுச்சு. இப்ப பேசினது எனக்கே பாதிதான் கேட்டுச்சு. இன்னொரு தபா சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா."